ஏழாம் பக்கத்துச் சிவப்பு மை

பேராசிரியருக்குத் தன் மைத்துனன் மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. மைத்துனன் செத்து இரண்டு வருஷம் ஆகியும் அது தீரவில்லை. ஆள் போகும்போது கூடவே போயிருக்க வேண்டிய சாமான் அது. இவர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

மைத்துனன் என்றால் மனைவியின் ஒரே தம்பி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பாய்லர் பார்த்தவன். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சின்ன ஸ்பானர் துருத்திக்கொண்டிருக்கும், அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவனுக்கு 'ஸ்பானர்' என்றே பெயர். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. இவரோ டாக்டர் பட்டம் வாங்கியவர். அதற்கு ஒன்பது வருஷம் எடுத்துக்கொண்டார், ஆனாலும் பட்டம் பட்டம்தானே. கல்லூரியில் முப்பத்து நாலு வருஷம் இயற்பியல் நடத்தினார். வாழ்நாளில் ஒரே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். அதை உலகத்தில் மூன்று பேர் படித்தார்கள்: எழுதியவர், தட்டச்சு செய்து கொடுத்த மனைவி, அச்சுக் கோத்தவர். மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. அச்சுக் கோத்தவருக்கும் புரியவில்லை என்பதற்கு அதிலிருந்த இரண்டு பிழைகளே சாட்சி.

இப்படிப்பட்டவர் ஒரு பாய்லர்காரனைப் பார்த்து வயிறெரிய என்ன இருக்கிறது என்று கேட்டால், இருந்தது. அது என்னவென்று தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் முப்பத்து மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஒரு பெண் வீடு தேடி வந்தாள். ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவள், முப்பது வயதிருக்கும். ரத்தக்குழாயில் அடைப்பு எங்கே இருக்கிறது என்பதை, கத்தி வைக்காமல், நாடித் துடிப்பு போய் மோதித் திரும்பி வருவதை வைத்தே கண்டுபிடிக்கிற கருவி ஒன்றைச் சோதிக்க ஆஸ்பத்திரிக்கு வந்தவள். அங்கே ஒரு வயதான குழாய் ஃபிட்டர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "இதைத்தானேம்மா எங்க ஸ்பானர் அண்ணன் நீராவிக் குழாய்ல செஞ்சிட்டிருந்தாரு?" என்று கேட்டிருக்கிறார்.

"என்ன செஞ்சாருன்னு கேட்டேன் சார்," என்று அவள் பேராசிரியரிடம் சொன்னாள். சொல்லும்போதே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "ஆஸ்பத்திரி தூக்கிப் போட்ட பழைய ஈ.சி.ஜி. மெஷினைக் குழாய்ல கட்டி வைப்பாராம். ஸ்பானரால டொக்குனு ஒரு தட்டு. மெஷின் பேனா ஒரு கோடு போடும். அந்தக் கோட்டைப் பார்த்து அரை மணி நேரம் கணக்குப் போட்டுட்டு, 'ரெண்டாம் வார்டைத் தாண்டிப் பதினோராவது அடியில வெட்டு'ம்பாராம். வெட்டினா துரு அங்கதான் அடைச்சிட்டு நிக்குமாம். ஒரு தடவைகூடத் தப்பினது இல்லையாம்."

அவள் பாய்லர் அறைக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். வெள்ளையடிக்க வந்தவர்கள் அவன் மேலிருந்த மரியாதைக்கு விட்டுவைத்த ஒரு சுவரில், கரித்துண்டால் எழுதிய கணக்கு. அதிலிருந்த குறிகள் எதுவும் எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. கால் மணி நேரம் நின்று பார்த்த பிறகுதான் பிடிபட்டதாம். அவள் கருவிக்குள் ஓடுகிற அதே கணக்கு. வெங்காயத்தை உரிக்கிற மாதிரி, முதல் எதிரொலியை வைத்துக் குழாயின் முதல் அடியைக் கண்டுபிடித்து, அதைக் கழித்துவிட்டு அடுத்த அடிக்குப் போவது, அதைக் கழித்துவிட்டு அதற்கடுத்தது.

"அங்கயே தரையில உக்காந்துட்டேன் சார்," என்றாள்.

பேராசிரியர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்படியா," என்றார்.

உள்ளேயிருந்து மனைவி ஓடிவந்துவிட்டாள். தம்பி பேச்சென்றால் அவளுக்கு முட்டிவலி எல்லாம் பறந்துவிடும். கட்டிலுக்கடியிலிருந்து தகரப் பெட்டியை அவளே இழுத்தாள். சலவைத் துணி கட்டுகிற பழுப்புத் தாளை வெட்டி, படுக்கை விரிப்புத் தைக்கும் நூலால் தைத்த நோட்டுகள். பதினொன்று. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்டிருந்தது. பாய்லரில் அழுத்தம் ஏற நாற்பது நிமிஷம் ஆகும். அந்த நாற்பது நிமிஷத்தில் மற்றவர்கள் பீடி பிடித்தார்கள், சீட்டாடினார்கள். அவன் நூலகம் கழித்துப்போட்ட ஒரு நுண்கணிதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருபது வருஷம் உட்கார்ந்திருந்தான். அந்தப் புத்தகத்தில் முதல் அறுபது பக்கம் கிடையாது. அதில் என்ன இருந்திருக்கும் என்று அவனே யோசித்து எழுதிக்கொண்டான். அவனுடைய விசித்திரக் குறிகளெல்லாம் அந்த அறுபது பக்கத்திலிருந்து வந்தவை.

அந்தப் பெண் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். புரட்டப் புரட்ட முகம் மலர்ந்தது. பிறகு வாடியது.

"எதுலயுமே தேதி இல்லையே அம்மா?"

"அவன் எங்க தேதி போட்டான்? பொறந்த தேதியே அவனுக்கு நான்தான் ஞாபகப்படுத்தணும்," என்றாள் மனைவி.

"சிக்கல் அதுதாங்க. இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னாடி வேற ஒருத்தர் இதே முறையைப் பத்திரிகையில வெளியிட்டுட்டார். இப்ப எல்லாரும் அவர் பேரைத்தான் சொல்றோம். இவர் அதுக்கு முன்னாடியே எழுதினார்னு காட்ட எனக்கு ஒரு தேதி வேணும். ஒண்ணே ஒண்ணு போதும். இல்லன்னா, எங்கேயோ பார்த்துக் காப்பியடிச்ச பாய்லர்காரர்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க." அவள் இரண்டாம் நோட்டைத் திறந்து காட்டினாள். "எல்லா நோட்டும் 'முதல் நோட்டு, ஏழாம் பக்கம் பார்க்க'ன்னு சொல்லுது. முதல் நோட்டு எங்க சார்?"

முதல் நோட்டு அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நாலடி பின்னால், பீரோவின் கீழறையில், பூட்டிக் கிடந்தது. சாவி பேராசிரியர் போட்டிருந்த சட்டையின் பையில் இருந்தது.

"தெரியலையேம்மா," என்றார் அவர்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெண் வெள்ளை மனசோடு ஒரு கேள்வி கேட்டாள்: "நீங்க இயற்பியல் பேராசிரியர். வீட்டுலயே இருந்திருக்கீங்க. அவருக்கு நீங்கதான் வழிகாட்டியா சார்?"

இல்லை என்பதற்கு மூன்றெழுத்து. அதை விட்டுவிட்டு, "ஏதோ, அப்பப்ப... ரெண்டு புஸ்தகம் கொடுத்திருக்கேன்," என்று இழுத்தார். இரண்டு புத்தகம் கொடுத்தது உண்மை. மூன்றாம் நாளே திருப்பி வாங்கிக்கொண்டதும் உண்மை. முதலாவதை மட்டும் சொன்னார்.

அவள் கை குவித்துவிட்டாள். மனைவி பூரித்துப்போய் அவரைப் பார்த்தாள். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. தம்பியைப் பார்க்கும்போது மட்டும்தான் அந்தக் கண் வரும். வெட்கமில்லாமல் சொன்னால், அது அவருக்கு நன்றாக இருந்தது.

ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு நினைவுக் கூட்டம் நடத்துவதென்றும், பேராசிரியர் தலைமை தாங்குவதென்றும், அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் முன் கொண்டுவந்து காட்டுவதாகவும் சொல்லிவிட்டு அவள் போனாள்.

இப்போது முப்பத்து மூன்று வருஷம் பின்னால் போகவேண்டும். வேறு வழியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் குளித்து, சலவைச் சட்டை போட்டு, பழுப்பு நோட்டோடு வந்தான். "அத்தான், இது சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம். எனக்குக் கேக்க வேற ஆளில்லை," என்றான். பேராசிரியர் அன்றைக்குத்தான் தன் இரண்டாவது கட்டுரை திரும்பி வந்த உறையைப் பிரித்து வைத்திருந்தார். மைத்துனனின் பென்சில் எழுத்தைப் பார்த்ததும், ஆளுக்கு ஆள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் வாங்கி வைத்தார். ஆறு பக்கம் படித்தார். ஆறு பக்கமும் சரியாக இருந்தது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஏழாம் பக்கத்தில் கூட்டல் வரவேண்டிய இடத்தில் கழித்தல் குறி. அவருக்கு உயிர் வந்தது.

சிவப்புப் பேனாவை எடுத்தார். குறியைச் சுற்றி வட்டம் போட்டார். வட்டத்திலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, 'அடிப்படைப் பிழை. மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார். எதைத் திருத்தினாலும் கையெழுத்தும் தேதியும் போடாமல் அவர் பேனாவை மூடமாட்டார். மாணவர்கள் அதற்காகவே அவரை 'தேதி சார்' என்று கூப்பிட்டார்கள்.

மைத்துனன் அதைப் படித்தான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "சரிங்க அத்தான்," என்றான், அக்கா கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு நோட்டைத் திரும்பக் கொண்டுவந்தான். "பாய்லர் ரூம்ல ஒரே ஈரம். இது இங்கயே இருக்கட்டும்," என்று வைத்துவிட்டுப் போனான். தோற்றவன் தடயத்தை ஒளித்து வைக்கிறான் என்று பேராசிரியர் நினைத்துக்கொண்டார்.

அதற்கும் ஒரு வாரம் கழித்து, வகுப்பில் கரும்பலகையில் ஒரு அலை சுவரில் மோதித் திரும்புவதை வரைந்துகொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். குழாயின் அடிகளை எண்ணுவது எந்த முனையிலிருந்து? புத்தகத்தில் தட்டுகிற முனையிலிருந்து எண்ணுவார்கள். பாய்லர் அறையில் எதையும் கடைசி வார்டிலிருந்துதான் எண்ணுவார்கள். நீராவி குளிர்ந்து தண்ணீராகி பாய்லருக்குத் திரும்பி வருகிற வழி அது. எந்த ஃபிட்டரைக் கேட்டாலும் முதல் வால்வு என்று கடைசி வார்டில் இருப்பதைத்தான் காட்டுவான். மைத்துனன் தன் வழக்கப்படி அந்த முனையிலிருந்து எண்ணியிருந்தான். அப்படி எண்ணினால் அங்கே கழித்தல்தான் வரும், வந்தே தீரும்.

வகுப்பைக் கலைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். நோட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். நாற்பது பக்கம். ஒரு பிழை இல்லை. படித்து முடித்தபோது அவருக்கு வந்தது சந்தோஷமும் இல்லை, வெட்கமும் இல்லை. தன் வீட்டுக்குள் யாரோ புகுந்து தனக்கென்று வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போனது மாதிரி ஒரு கோபம். அந்த மாதிரி ஒரு யோசனை, ஒன்றே ஒன்று, தனக்கு வரவேண்டும் என்றுதானே ஒன்பது வருஷம் தவம் கிடந்தார்? அது போயும் போயும் அழுக்குத் துணிக்கும் கொதிதண்ணிக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவனிடம் போய், வீட்டுக்காரன் மாதிரி கால் நீட்டி உட்கார்ந்துவிட்டது.

சொல்லிவிடலாம் என்று ஒருமுறை வாயைத் திறந்தார். மைத்துனன் சமையலறைக் குழாயைச் சரி செய்துகொண்டிருந்தான். "அந்த நோட்டு விஷயம்..." என்று ஆரம்பித்தபோது மனைவி குறுக்கே, "பாத்தீங்களா, ரெண்டு வருஷமா ஒழுகினது. என் தம்பி கை பட்டா போதும்," என்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் திறக்கவே இல்லை.

ஒன்பது வருஷம் கழித்துக் கல்லூரி நூலகத்தில் ஒரு பத்திரிகையைப் புரட்டியபோது, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பெயரில் அதே முறை வெளிவந்திருந்தது. பேராசிரியருக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, இனி அது மைத்துனனுடையது இல்லை. யாரோ ஒருவனுடையது. யாரோ ஒருவன் மேல் பொறாமைப்பட அவசியமில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் மனைவிக்குக் கால்கிலோ மிட்டாய் வாங்கிவந்தார். அவள் எதற்கென்று கேட்டதற்குச் சும்மா என்றார்.

இன்றைக்கு நாலு மணிக்கு அந்தப் பெண் அழைப்பிதழ் மாதிரியோடு வரப்போகிறாள். மனைவி கண் பரிசோதனைக்குப் போயிருந்தாள். மணி இரண்டரை. பேராசிரியர் பீரோவைத் திறந்து நோட்டை எடுத்து, ஜன்னலோரம் மேஜையில் வைத்தார்.

ஒரு மாதமாக அவர் மண்டையைக் குடைந்தது இதுதான். அந்தப் பெண் கேட்கிற தேதி இந்த ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லை. ஒரு கல்லூரிப் பேராசிரியரின் கையெழுத்தோடு, நாள், மாதம், வருஷம். வெளியே எவனும் யோசிப்பதற்கு ஒன்பது வருஷம் முன்னால் மைத்துனன் இதை எழுதிவிட்டான் என்பதற்கு ஒரே அத்தாட்சி, அது பிழை என்று இவர் எழுதிக் கொடுத்த சான்றிதழ். நோட்டைக் கொடுத்தால் மைத்துனன் பெயர் நிற்கும். கூடவே இவர் பெயரும் நிற்கும், எப்படி நிற்கும் என்பதுதான் கேள்வி. கொடுக்காவிட்டால் அழைப்பிதழில் 'வழிகாட்டி', மேடையில் மாலை, மனைவியின் அந்தக் கண்.

கிழித்துப் போடலாமா என்று யோசித்தார். அதைவிட நல்ல யோசனை வந்தது. அந்த இரண்டு வரியை மட்டும் பிளேடால் சுரண்டிவிட்டால்? வட்டத்தையும் கோட்டையும் சுரண்டிவிட்டால்? கீழே கையெழுத்தும் தேதியும் மட்டும் மிஞ்சும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? படித்துப் பார்த்து, ஒப்புக்கொண்டு, கையெழுத்திட்டவர் என்றுதானே? மைத்துனனுக்கும் பெயர், இவருக்கும் பெயர். யாருக்கு என்ன நஷ்டம்? மதிப்பெண்ணைச் சுரண்டி மாற்றிய எத்தனையோ மாணவர்களை அவர் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். எப்படிச் சுரண்டினால் தெரியும், எப்படிச் சுரண்டினால் தெரியாது என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

புது பிளேடைப் பிரித்தார். தாள் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க ஏழாம் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

சிவப்பு எழுத்துக்குப் பின்னால் வேறு எழுத்து நிழலாகத் தெரிந்தது.

மைத்துனன் எப்போதும் தாளின் ஒரு பக்கம்தான் எழுதுவான். அந்தப் பழுப்புத் தாளுக்கு மறுபக்கம் வழவழப்பு, பென்சில் பிடிக்காது. அதனால் பேராசிரியர் எந்தத் தாளின் பின்பக்கத்தையும் பார்த்ததே இல்லை. இப்போது திருப்பினார். பென்சிலை எச்சில் தொட்டு அழுத்தி எழுதியிருந்தான்.

'பிழை என்று அத்தான் எழுதியிருக்கிறார். மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். குறி சரிதான். அத்தானுக்கு அந்த முனையிலிருந்து எண்ணிப் பழக்கம், நாங்கள் இந்த முனையிலிருந்து எண்ணுவோம். விஷயம் அவ்வளவுதான். போய்ச் சொன்னால் அத்தானுக்கு முகம் மாறிவிடும். அப்புறம் அக்கா வீட்டுக்குப் போக்குவரத்து இருக்காது. எனக்கு இருப்பது ஒரே அக்கா. கணக்கு எங்கேயும் ஓடிவிடாது.'

பேராசிரியர் இரண்டாம் முறை படித்தார். மூன்றாம் முறை படித்தார். பிளேடைக் கீழே வைத்தார்.

"அடப்பாவி," என்றார் வாய்விட்டு. "இதுலயும் நீதானா?"

அவருக்கு அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. வயிறுதான் எரிந்தது, முன்னெப்போதும் எரியாத மாதிரி எரிந்தது. இத்தனை வருஷமாக ஒரு அப்பாவிக்குத் தெரியாமல் எதையோ மறைத்துக்கொண்டிருப்பதாக நினைத்தார். அந்த மறைப்பில் கேவலமாக இருந்தாலும் ஒரு உசத்தி இருந்தது, தெரிந்தவன் நான், தெரியாதவன் நீ என்று. அதுவும் போயிற்று. அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, திரும்பி வந்த சத்தத்தை வைத்தே, இந்த மனுஷனுக்குள்ளே எந்த அடியில் எவ்வளவு குறுகல் என்று அப்போதே துல்லியமாகக் கணக்குப் போட்டுவிட்டான். போட்டுவிட்டு, அதை இவர் வீட்டிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, முப்பத்தொரு வருஷம் ஞாயிறு தவறாமல் வந்து, சிரித்த முகத்தோடு "நல்லா இருக்கீங்களா அத்தான்" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

அவன் கணக்கின் மேல் இருந்த பொறாமையை இவர் எப்படியோ சுமந்து பழகிவிட்டார். இந்த மனசின் மேல் வந்த பொறாமையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அது கோபமா, வீம்பா, வேறு ஏதாவதா என்று அவருக்கே தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்தது. இந்த ஒரு ஆட்டத்திலாவது அவனை முழுசாக ஜெயிக்க விடக்கூடாது. பிளேடை உறையில் போட்டு மேஜை அறைக்குள் தள்ளினார்.

நாலு மணிக்கு முன்பே மனைவி வந்துவிட்டாள். கண்ணுக்கு மருந்து விட்டிருந்தார்கள், எதுவும் தெளிவாகத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள். அவள் பின்னாலேயே அந்தப் பெண்ணும் வந்தாள். அழைப்பிதழ் மாதிரியை மேஜையில் வைத்தாள். "ஒரு தடவை பார்த்துடுங்க சார். நாளைக்கு அச்சுக்குப் போகுது."

பேராசிரியர் அதைத் தொடவில்லை. நோட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"முதல் நோட்டு. ஏழாம் பக்கம்."

அவள் கண் முதலில் தேதியில்தான் விழுந்தது. "சார்!" என்று கத்தியேவிட்டாள். "ஒன்பது வருஷம் முந்தி! சார், இது போதும், இது போதும் சார்! யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது!" மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மனைவி ஒன்றும் புரியாமல் சிரித்தாள். அப்புறம் அந்தப் பெண்ணின் கண் தேதிக்கு மேலே போனது. முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா? என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள் மனைவி. "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அந்தப் பெண் பேராசிரியரைப் பார்த்தாள். நல்ல பெண். "ஒண்ணுமில்லம்மா, தேதி இருக்கு, சாரோட கையெழுத்து இருக்கு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த வரியை மறைச்சிட்டுப் படம் எடுத்துக்கலாம் சார். தேதி மட்டும் தெரிஞ்சா போதும்," என்றாள்.

தப்பித்துக்கொள்ளக் கதவு திறந்தே இருந்தது. இவர் சுரண்டாமல் விட்டதை அவளே சுரண்டித் தருகிறேன் என்கிறாள்.

"வேண்டாம்," என்றார் பேராசிரியர். "படிங்க. சத்தமா படிங்க. முன்பக்கமும் படிங்க, பின்பக்கமும் படிங்க."

அவள் படித்தாள். முன்பக்கத்தைத் தயங்கித் தயங்கிப் படித்தாள். பின்பக்கத்தில் 'எனக்கு இருப்பது ஒரே அக்கா' என்கிற இடத்தில் குரல் நின்றுவிட்டது. கடைசி வரியைப் பேராசிரியரே மனப்பாடமாகச் சொல்லி முடித்தார்.

மனைவி மருந்து விட்ட கண்ணோடு அவர் இருக்கும் திசையைப் பார்த்தாள்.

"தப்பில்லன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது? இன்னிக்கா?"

பொய் சொல்ல நல்ல இடம். "அப்பவே," என்றார் அவர். "அவன் நோட்டைக் கொண்டுவந்து வச்சானே, அதுலேர்ந்து ஒரே வாரத்துல."

"அதுக்கப்புறம் எத்தனை ஞாயித்துக்கிழமை அவன் இங்க வந்து உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருப்பான்?"

பேராசிரியர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கணக்குத் தெரியாமல் இல்லை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மருந்தா வேறா என்று சொல்ல முடியவில்லை. பிறகு கையை நீட்டினாள். அந்தப் பெண் நோட்டை அவள் மடியில் வைத்தாள். அவள் ஏழாம் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பின்பக்கம் பென்சில் அழுந்தின மேடு பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும், அங்கேயே விரலை வைத்துக்கொண்டு இருந்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

பேராசிரியர் அழைப்பிதழ் மாதிரியை எடுத்தார். நல்ல தாள். பாய்லர்காரரின் பெயர் பெரிய எழுத்தில், 'தானே கற்ற கணித மேதை' என்று. கீழே சின்ன எழுத்தில் இவர் பெயர், பட்டம், 'அன்னாரின் வழிகாட்டி'. இத்தனை வருஷத்தில் அவர் பெயர் இவ்வளவு அழகாக எங்கேயும் அச்சானதில்லை. ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். 'வழிகாட்டி' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். வட்டத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்து, 'அடிப்படைப் பிழை' என்று எழுதினார். அதன் கீழே கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார்.